பன்னிரண்டு திரைகள், ஒரே ஆட்டம்

2024 ஆகஸ்ட் 23 அன்று சோனி நிறுவனம் ‘கான்கார்ட்’ என்ற இணைய விளையாட்டை வெளியிட்டது. அணி சேர்ந்து சுடும் ஆட்டம், ஆளுக்கொரு தனித்திறன் கொண்ட பாத்திரங்கள், விலை 40 டாலர். பதினான்கே நாளில், செப்டம்பர் 6 அன்று, சர்வர்களை மூடி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதிலிருந்து சரியாக மூன்று மாதம் கழித்து, டிசம்பர் 6 அன்று, சீனாவின் நெட்ஈஸ் நிறுவனம் ‘மார்வெல் ரைவல்ஸ்’ ஆட்டத்தை வெளியிட்டது. இதுவும் ஏறத்தாழ அதே வகைதான். ஆனால் காசு கொடுக்க வேண்டாம், பாத்திரங்கள் மார்வெல் காமிக்ஸின் சூப்பர் ஹீரோக்கள். மூன்றே நாளில் ஒரு கோடிப் பேர் ஆடிவிட்டதாக நெட்ஈஸ் அறிவித்தது. 2025 ஜனவரியில், கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் மட்டும் ஒரே நேரத்தில் 6,40,000 பேருக்கு மேல் இந்த ஆட்டத்துக்குள் இருந்தார்கள்.

இலவசம், மார்வெல் என்ற பெயர், இந்த இரண்டும் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. அமேசான் 2020 மே மாதம் வெளியிட்ட ‘குருசிபிள்’ ஆட்டமும் இலவசம்தான். அதே ஆண்டு நவம்பரிலேயே அதை மூடினார்கள். அதே 2020-இல் வந்த ‘மார்வெல்ஸ் அவெஞ்சர்ஸ்’ ஆட்டத்தில் அயர்ன் மேனும் ஹல்க்கும் இருந்தார்கள். 2023 செப்டம்பரோடு அது விற்பனையிலிருந்தே நீக்கப்பட்டது. இலவசம் ஆட்களை வாசல்வரை கூட்டிவரும், அவ்வளவுதான். உள்ளே வந்தவர் மறுநாளும் வரவேண்டுமானால் தோல்வியும் நியாயமாகத்தான் நடந்தது என்று அவருக்குத் தோன்ற வேண்டும். இலவச ஆட்டம் வீரருக்குத் தரும் பெரிய வாக்கு, களத்தில் எல்லாரும் சமம் என்பது. அந்த வாக்கைக் காப்பாற்ற எவ்வளவு இயற்பியலும் கணிதமும் தேவைப்படுகிறது, எந்த இடத்தில் அது இடறுகிறது என்பதுதான் இந்த ஆட்டத்தை மதிப்பிட எனக்குச் சரியான அளவுகோலாகப் படுகிறது.

ஆட்டத்தின் வடிவம் எளிது. அணிக்கு ஆறு பேர். ஒரு இடத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும், அல்லது ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும், அல்லது இரண்டும். பாத்திரங்கள் மூன்று வகை. முன்னால் நின்று அடி வாங்குபவர்கள் வான்கார்ட், அடிப்பவர்கள் டூயலிஸ்ட், காயத்தை ஆற்றி அணியைக் காப்பவர்கள் ஸ்ட்ராட்டஜிஸ்ட். வீரர்களின் பேச்சு வழக்கில் டாங்க், டிபிஎஸ், ஹீலர். தொடக்கத்தில் 33 பாத்திரங்கள் இருந்தன. 33-உம் முதல் நாளிலிருந்தே எல்லாருக்கும் திறந்தே இருந்தன. பிறகு ஒவ்வொரு சீசனிலும், அதாவது ஆட்டப் பருவத்திலும், புதியவர்கள் சேர்ந்தார்கள், அவர்களும் இலவசமாகவே. சில பாத்திரங்கள் ஒரே அணியில் சேர்ந்தால் கூட்டுத்திறன் ஒன்று கிடைக்கும். ராக்கெட் ரக்கூன் மர மனிதன் குரூட்டின் தோளில் ஏறிச் சவாரி செய்வது அப்படி ஒன்று. காமிக்ஸ் படித்தவர்களுக்கு அதைப் பார்த்ததுமே முகம் மலரும்.

இந்த மலர்ச்சிக்கு அறிவியல் மதிப்பு உண்டு. ஒரு பாத்திரத்துக்கு ஐந்தாறு திறன் என்றால், 33 பாத்திரத்துக்கு ஏறத்தாழ இருநூறு திறன்களைப் புதிய வீரர் தெரிந்துகொள்ள வேண்டும். நம் தற்காலிக நினைவில் ஒரே நேரத்தில் நிற்கக்கூடியவை ஏழு, கூடக் குறைய இரண்டு என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். பின்னால் வந்த நெல்சன் கோவன் அதையும் குறைத்து நான்கு என்றார். நாலைந்து பொருள்தான் நிற்கும் மேசையில் இருநூறை எப்படி வைப்பது? ஏற்கெனவே தெரிந்தவற்றோடு கட்டிச் சேர்த்துத்தான். ஹல்க் வந்தால் பாய்ந்து அடிப்பான், ஸ்பைடர்-மேன் வலை பிடித்து ஊஞ்சலாடுவான், டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் கைவீசினால் வாசல் ஒன்று திறக்கும் என்பதெல்லாம் படம் பார்த்தவருக்கு முன்பே தெரியும். ஒரு பாத்திரத்தின் ஐந்து திறனும் ஒரே முடிச்சாக நினைவில் அமர்ந்துகொள்ளும். கான்கார்டின் பாத்திரங்களுக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொன்றையும் அடியிலிருந்து கற்க வேண்டியிருந்தது.

புதிய பாத்திரங்களையும் இப்படி எளிதில் அடையாளம் காணவைக்க முடியும் என்பதற்கு வால்வ் நிறுவனத்தின் ‘டீம் ஃபோர்ட்ரெஸ் 2’ சான்று. அந்த ஆட்டத்தின் ஓவியமுறை குறித்து அதை உருவாக்கியவர்கள் 2007-இல் ஒரு ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். உடலின் புற வடிவத்தை மட்டும் கறுப்பு நிழலாகக் காட்டினாலும் யார் என்று தெரிய வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி. ரைவல்ஸ் இந்த விதியைப் பாத்திரங்களில் கடைப்பிடிக்கிறது, சண்டையில் கைவிட்டுவிடுகிறது. ஆறுக்கு ஆறு பேர் ஒரே சந்தில் மோதும்போது ஒளிக்கற்றை, பனிப்புகை, மந்திர வட்டம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நிழல் உருவங்களை விழுங்கிவிடுகின்றன. இந்த ஆட்டத்தின் பெரிய குறைகளில் ஒன்றாக இதைச் சொல்வேன். ஒலிதான் கொஞ்சம் காப்பாற்றுகிறது. ஒவ்வொரு பாத்திரமும் தன் உச்சத் திறனைப் பயன்படுத்தும்போது ஒரு வசனத்தை உரக்கச் சொல்லும். ஒளிக்கு நாம் எதிர்வினை காட்டுவதைவிட ஒலிக்குச் சில பத்து மில்லி நொடிகள் முன்னதாகவே காட்டிவிடுகிறோம் என்பது ஆய்வுக்கூடங்களில் நூறாண்டுக்கு மேலாக அளக்கப்பட்டு வரும் உண்மை. கண் குழம்பும் இடத்தில் காதை நம்புங்கள் என்பது இந்த ஆட்டத்துக்கு நேரடியாகப் பொருந்தும் அறிவுரை.

இனி, வீரர்கள் அதிகம் சண்டை போடும் விஷயத்துக்கு வருவோம். “சுவருக்குப் பின்னால் போய்விட்டேன், அதற்குப் பிறகும் செத்துவிட்டேன், இது ஏமாற்று” என்ற புகாரைக் கேட்காத வீரர் இருக்க முடியாது. இதற்கான பதில் ஒளியின் வேகத்திலிருந்து தொடங்குகிறது.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடியில் ஐ2ஐ என்ற கண்ணாடி இழைக் கேபிள் 2002-இல் போடப்பட்டது. நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். வெற்றிடத்தில் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, கண்ணாடிக்குள் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். எனவே சென்னையில் நீங்கள் பொத்தானை அழுத்திய செய்தி அந்தக் கேபிள் வழியே சிங்கப்பூர் சர்வரை அடைய 16 மில்லி நொடி, பதில் திரும்பிவர இன்னொரு 16. மொத்தம் 32 மில்லி நொடி. இது இயற்கை விதித்த குறைந்தபட்சம். எவ்வளவு பணம் கட்டி எந்த இணைய இணைப்பை வாங்கினாலும் அந்தத் தடத்தில் இதற்குக் கீழே போக முடியாது. இடையில் உள்ள ரௌட்டர்கள், வீட்டு வைஃபை எல்லாம் சேர்ந்தால் இது இரண்டு மூன்று மடங்காகும். இதைத்தான் பிங் என்கிறோம். அமெரிக்காவின் மேற்குக் கரை சர்வரோடு இணைந்தால் ஒரு வழித் தூரம் மட்டுமே ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். போய்வர 140 மில்லி நொடிக்குக் குறையாது.

அதாவது, ஆட்டத்தில் இருக்கும் பன்னிரண்டு பேரும் பார்ப்பது பன்னிரண்டு வெவ்வேறு கடந்த காலங்களை. உங்கள் திரையில் எதிரி நிற்கும் இடம், சற்று முன்பு அவர் நின்ற இடம். நொடிக்கு 6 மீட்டர் ஓடும் ஒருவர் 100 மில்லி நொடியில் 60 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பார். ஒரு மனித உடலின் அகலத்தைவிட அது அதிகம். நீங்கள் நெற்றிக்குக் குறிவைத்துச் சரியாகச் சுட்டாலும், சர்வரின் கணக்கில் அங்கே ஆளே இல்லை.

1990-களில் இணையத்தில் சுடும் ஆட்டம் ஆடியவர்கள் எதிரிக்கு முன்னால் காலி இடத்தைப் பார்த்துச் சுடப் பழகினார்கள். தங்கள் சொந்த நடையே தாமதித்துத்தான் திரையில் தெரிந்தது. முதல் தீர்வு 1996-இல் நிரலாளர் ஜான் கார்மாக் உருவாக்கிய ‘குவேக்வேர்ல்டு’ ஆட்டத்தில் வந்தது. நீங்கள் பொத்தானை அழுத்தியதும் சர்வரின் அனுமதிக்குக் காத்திராமல், சர்வர் எப்படியும் சம்மதிக்கும் என்று ஊகித்து, உங்கள் கணினியே உங்களை நகர்த்திக் காட்டிவிடும். பின்னால் சர்வர் வேறு மாதிரி சொன்னால் சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளும். திருத்தம் பெரிதாக இருக்கும்போதுதான் பாத்திரம் ரப்பர் கயிற்றில் கட்டி இழுத்தது போலப் பின்னால் தாவுகிறது.

இரண்டாவது தீர்வு இன்னும் துணிச்சலானது. வால்வ் நிறுவனத்தின் யான் பெர்னியர் 2001-இல் அதை விரிவாக எழுதினார். சர்வர் ஒவ்வொரு வீரரும் கடந்த சில நூறு மில்லி நொடிகளில் எங்கெங்கே இருந்தார் என்பதை நினைவில் வைத்திருக்கும். உங்கள் தோட்டா பற்றிய செய்தி வந்ததும், உங்கள் பிங்கைக் கணக்கிட்டு, நீங்கள் சுட்ட கணத்தில் உங்கள் திரையில் உலகம் எப்படி இருந்ததோ அந்த நிலைக்கு எல்லாரையும் பின்னோக்கி நகர்த்திப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். கிரிக்கெட்டின் மூன்றாம் நடுவர் ஒளிப்பதிவைப் பின்னோட்டிப் பார்ப்பதைப் போலத்தான். வித்தியாசம், இங்கே ஒவ்வொரு தோட்டாவுக்கும் நொடியின் சிறு பகுதிக்குள் அது நடக்கிறது.

சுடுபவருக்கு நியாயம் கிடைத்துவிட்டது. ஆனால் அடிபட்டவர்? அவர் தன் திரையில் சுவருக்குப் பின்னால் போய் 80 மில்லி நொடி ஆகியிருக்கலாம். சுட்டவரின் திரையில் அவர் இன்னும் வெளியேதான் நின்றார். இருவர் சொல்வதும் உண்மை. யாருக்காவது ஒருவருக்கு அநீதி நடந்தே தீரும். சுட்டவர் பக்கம் சாய்வது என்று இந்தத் துறை ஒருமாதிரி முடிவு செய்திருக்கிறது. குறிபார்த்துச் சுட்டது படவில்லை என்ற ஏமாற்றம், தப்பித்த பிறகு பட்டது என்ற ஏமாற்றத்தைவிட அடிக்கடி நிகழும் என்பது காரணம். எனவே அந்தப் புகார்களில் பெரும்பாலானவை ஏமாற்று வேலையைப் பற்றியவை அல்ல, தூரத்தைப் பற்றியவை. ஹாக்ஐயின் அம்பு போல, காற்றில் பறந்து சென்று படும் ஆயுதங்களுக்கு இந்தச் சிக்கல் வேறு வகையில் வரும். அம்பு போய்ச்சேரும் நேரத்துக்குள் எதிரி விலக வழி உண்டு, விலக வேண்டிய பொறுப்பும் அவருடையது.

தூரம் தவிர கோணமும் ஒரு சமமின்மையைத் தருகிறது. ரைவல்ஸில் கேமரா பாத்திரத்தின் தோளுக்குப் பின்னால் இருக்கிறது. சுவர் ஓரமாக நிற்பவர் தன் உடலைக் காட்டாமலே மூலைக்கு அந்தப் பக்கம் வருபவரைப் பார்த்துவிடலாம். வருபவருக்கு அவர் தெரியமாட்டார். காத்திருப்பவருக்கு இது கூடுதல் வசதி. நெட்ஈஸ் இதற்குச் சுவர்களையே உடைக்கத் தந்து ஈடு கட்டியிருக்கிறது. மறைவிடம் நிரந்தரமல்ல என்பது எனக்கு மிகவும் பிடித்த தீர்வு.

இதுவரை சொன்னவை எந்த இணைய ஆட்டத்துக்கும் பொருந்தும். ரைவல்ஸுக்கே உரிய ஒரு தடுமாற்றம் உண்டு, அதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஆட்டம் வெளியாகி ஒரு மாதம் ஆகும் முன்பே வீரர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். கணினி நொடிக்கு 30 படம் மட்டுமே வரைந்தால், அதாவது எஃப்பிஎஸ் 30 என்றால், சில பாத்திரங்களின் அடி குறைகிறது, நகர்வு சுருங்குகிறது. டாக்டர் ஸ்ட்ரேஞ்ச், வுல்வரின், வெனம், மேஜிக், ஸ்டார்-லார்டு ஆகியோர் இதில் அகப்பட்டார்கள். நெட்ஈஸும் ஒப்புக்கொண்டது. இணையத் தாமதத்தால் அசைவு தடுமாறாமலிருக்க வீரரின் நகர்வை முன்கூட்டியே ஊகிக்கும் ஒரு பொறிமுறையை வைத்திருந்ததாகவும், குறைந்த ஃபிரேம் வேகத்தில் அது பிசகியதாகவும் விளக்கம் வந்தது. 2025 ஜனவரியில் முதல் சீசன் தொடங்கியபோது சில பாத்திரங்களுக்குத் திருத்தம் செய்தார்கள்.

ஃபிரேம் வேகம் குறைந்தால் படம் திக்கித் திக்கி ஓடும், அது சரி. அடியின் வலு எப்படிக் குறையும்? விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு ஆயுதம் 50 மில்லி நொடிக்கு ஒருமுறை அடிக்க வேண்டும், அதாவது நொடிக்கு 20 அடி. நிரலை எழுதியவர், ஒவ்வொரு படம் வரையும்போதும் ‘50 ஆகிவிட்டதா?’ என்று பார்த்து, ஆகியிருந்தால் அடித்துவிட்டுக் கடிகாரத்தை மறுபடி பூஜ்யமாக்குகிறார். 120 படம் வரையும் கணினியில் ஒரு படத்துக்கு 8.33 மில்லி நொடி; ஆறாவது படத்தில் சரியாக 50 வந்துவிடும். 30 படம் வரையும் கணினியில் ஒரு படத்துக்கு 33.3 மில்லி நொடி. முதல் படத்தில் 33, இன்னும் ஆகவில்லை. அடுத்த படத்தில் 66.7, இப்போதுதான் அடி விழுகிறது. மிச்சமிருந்த 16.7 மில்லி நொடி தூக்கியெறியப்படுகிறது. நொடிக்கு 20 அடி விழ வேண்டிய இடத்தில் 15. கால் பங்கு வலு காணாமல் போய்விட்டது. மிச்ச நேரத்தை அடுத்த சுற்றுக்கு எடுத்துச் செல்வதும், படம் வரையும் வேகத்திலிருந்து ஆட்டத்தின் கணக்கைப் பிரித்துச் சீரான காலப்படிகளில் ஓடவிடுவதும் இதற்கான மருந்து. பாடப்புத்தக அளவுக்குத் தெரிந்த மருந்துதான். ஆனால் முப்பதுக்கு மேற்பட்ட பாத்திரங்களின் நூற்றுக்கணக்கான திறன்களில் எங்கே ஒன்று விட்டுப்போனாலும் பிழை புகுந்துவிடும்.

இதை நான் சின்னக் குறையாகக் கடந்துபோக மாட்டேன். இந்த ஆட்டம் கணினியில் ஓடக் குறைந்தபட்சம் 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1060 அளவுக்கான கிராபிக்ஸ் கார்டு, 70 ஜிபி இடம் வேண்டும். அன்ரியல் எஞ்சின் 5-இல் கட்டப்பட்டதால் அதற்குப் பசி அதிகம். நல்ல கணினி வாங்க வசதியில்லாதவர்தான் 30 எஃப்பிஎஸ்ஸில் ஆடுகிறார். இலவச ஆட்டத்தைத் தேடி வருபவரும் பெரும்பாலும் அவர்தான். கடையில் வலுவை விற்கவில்லை என்று பெருமையாகச் சொன்ன ஆட்டம், தன்னை அறியாமலே கிராபிக்ஸ் கார்டுக்கு ஏற்ற வலுவைக் கொடுத்துக்கொண்டிருந்தது. வேண்டுமென்று செய்ததல்ல என்பதை ஏற்கிறேன். பிழை என்று தெரிந்ததும் மறைக்காமல் சொன்னதையும் மதிக்கிறேன். ஆனால் இந்த வகை ஆட்டத்தை வெளியிடுபவர்கள் மிகப் பழைய கணினியில்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

பாத்திரங்களுக்கிடையே சமநிலை என்பது வேறொரு மலை. 33 பேரிலிருந்து ஆறு பேரைத் தேர்ந்தெடுக்க 11,07,568 வழிகள் உண்டு. எதிரணியின் தேர்வையும் பெருக்கினால் 1.2 லட்சம் கோடிக்கு மேல். இத்தனையையும் யாரும் ஆடிப் பார்க்க முடியாது. எனவே வெற்றி விழுக்காட்டைப் பார்த்துத் திருத்துகிறார்கள். அந்த எண்ணிலும் பொறி இருக்கிறது. கடினமான ஒரு பாத்திரத்தை அதில் ஊறியவர்கள் மட்டுமே எடுப்பார்கள். அதன் வெற்றி விழுக்காடு உயர்ந்து தெரியும். எல்லாரும் எடுக்கும் வலுவான பாத்திரம், கற்றுக்குட்டிகளின் தோல்வியையும் சுமப்பதால் சாதாரணமாகத் தெரியும். முதல் மாதத்தில் ஹெலாவும் ஹாக்ஐயும் தூரத்திலிருந்தே ஆட்டத்தை முடித்தார்கள். 2025 ஜனவரி 10-இல் இருவரின் வலுவும் குறைக்கப்பட்டது. ஆட்டத்துக்கு முன் சில பாத்திரங்களைத் தடைசெய்யும் உரிமை முதலில் டைமண்ட் தரத்திலும் அதற்கு மேலேயும் மட்டும் இருந்தது. இரண்டாம் சீசனில் கோல்டு வரை இறங்கியது. நல்ல மாற்றம். சமநிலைப் பொறுப்பில் ஒரு பங்கை ஆடுபவர்களிடமே கொடுக்கிறது.

யார் ஹீலராக ஆடுவது என்ற கேள்வியில் ஒரு அழகான கணிதம் ஒளிந்திருக்கிறது. ஆறு பேரும் அடிக்க ஆசைப்படுகிறார்கள், ஆனால் யாராவது காயம் ஆற்றினால்தான் ஆறு பேரும் வெல்வார்கள். சமூகவியலாளர் ஆண்டிரியாஸ் டீக்மன் 1985-இல் இந்தச் சிக்கலைத் ‘தன்னார்வலர் இக்கட்டு’ என்று வரையறுத்தார். ஒருவர் முன்வந்தால் எல்லாருக்கும் நன்மை, முன்வருபவருக்கு மட்டும் செலவு. குழு பெரிதாகப் பெரிதாக ஒருவருமே முன்வராமல் போகும் வாய்ப்பு கூடும் என்று அவருடைய கணக்கு காட்டியது. இதே வகை ஆட்டமான ‘ஓவர்வாட்ச்’ 2019-இல் இதைச் சட்டம் போட்டுத் தீர்த்தது. இத்தனை டாங்க், இத்தனை ஹீலர் என்று வரிசையிலேயே பிரித்துவிட்டது. அடிப்பவர் வரிசையில் ஆட்கள் நெடுநேரம் காத்துக் கிடந்தார்கள். ரைவல்ஸ் சட்டம் போடவில்லை, முன்வருபவரின் செலவைக் குறைத்தது. அதன் ஹீலர்கள் மூலையில் நின்று மருந்து போடுபவர்கள் அல்ல. கொரியப் பாடகி லூனா ஸ்னோ மேடை போட்டு ஆடிக்கொண்டே அணியைக் காக்கிறாள். ஜெஃப் என்ற குட்டிச் சுறா எதிரணியைக் கூட்டத்தோடு விழுங்கிக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் துப்புகிறது. ஐந்து பேர் டூயலிஸ்ட்டாக வந்து நிற்கும் ஆட்டங்கள் இன்னும் நடக்கின்றன, மறுக்கவில்லை. ஆனாலும் கட்டாயத்தைவிட ஆசை காட்டுவதே மேல் என்ற முடிவில் நான் நெட்ஈஸ் பக்கம்.

யாரோடு யாரை மோதவிடுவது என்பது கடைசிப் பெரிய கேள்வி. இதன் வேர் சதுரங்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பத் எலோ உருவாக்கிய தரவரிசையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் ஏற்றது. இருவருக்கிடையே 200 புள்ளி வித்தியாசம் என்றால், மேலே இருப்பவர் நூற்றுக்கு 76 புள்ளி எடுப்பார் என்று அந்தச் சூத்திரம் கணிக்கும். தனி ஆளுக்கு இது போதும். அணியில்? பன்னிரண்டு பேர் இருபது நிமிடம் ஆடி, கடைசியில் கிடைக்கும் தகவல் வெற்றியா தோல்வியா என்ற ஒன்றே. அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுக்கப் பல ஆட்டங்கள் தேவை. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் எக்ஸ்பாக்ஸுக்காக உருவாக்கிய ட்ரூஸ்கில் முறையில், ஒருவரின் தரத்தைக் கண்டறிய ஒருவருக்கொருவர் மோதினால் ஏறத்தாழ 12 ஆட்டம் போதும். நால்வர் அணிகள் என்றால் 46, எண்மர் அணிகள் என்றால் 91. ஆறு பேர் அணி இந்த இரண்டுக்கும் நடுவில் வரும். பத்து ஆட்டம் ஆடிவிட்டு “என் ரேங்க் தவறு” என்று சொல்பவருக்கு இந்த எண்களைக் காட்டலாம்.

வீரர்களிடம் இதைவிட ஆழமான சந்தேகம் ஒன்று உண்டு. 2017-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனமும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சமபலம் உள்ளவர்களை மோதவிடுவதற்குப் பதில், வீரர் ஆட்டத்தை விட்டுப் போய்விடாமல் இருக்க எந்த ஜோடி உதவுமோ அதைத் தேர்வு செய்யலாம் என்பது அதன் கருத்து. தொடர்ந்து தோற்பவருக்கு ஒரு எளிய வெற்றி, தொடர்ந்து வெல்பவருக்கு ஒரு கடினமான அணி. ரைவல்ஸிலும் இதுதான் நடக்கிறது என்று பலர் நம்பினார்கள். நெட்ஈஸ் 2025-இல் அதை வெளிப்படையாக மறுத்தது. வெளியிலிருந்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் தொடர் தோல்வி மட்டும் சான்றாகாது என்பதைக் கணிதம் சொல்லும். காசைச் சுண்டுவது போல முழுக்க நியாயமான 100 ஆட்டங்களில், எங்காவது ஓரிடத்தில் தொடர்ந்து ஐந்து அல்லது அதற்கு மேல் தோற்க 81 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. அப்படித் தோற்கவே இல்லை என்றால்தான் வியக்க வேண்டும். ரேங்க் இல்லாத ஆட்டங்களில் பல தோல்விக்குப் பிறகு எதிரில் மனிதருக்குப் பதில் பாட்கள், அதாவது கணினியே ஆட்டுவிக்கும் பாத்திரங்கள், நிற்பதாகப் பலர் சொல்கிறார்கள். அப்படி நிற்கும் இடங்களில் அதை ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

பணம் எங்கிருந்து வருகிறது? உடுப்பிலிருந்து. ஸ்கின் எனப்படும் தோற்றங்கள், சைகைகள், ஆட ஆடப் பரிசுகளைத் திறக்கும் பேட்டில் பாஸ். எதுவும் அடியைக் கூட்டாது. வாங்கிய பேட்டில் பாஸ் சீசன் முடிந்தாலும் காலாவதியாவதில்லை, பிறகு வந்து முடித்துக்கொள்ளலாம். இந்தத் துறையில் இது அரிதான மரியாதை. ஆனால் கடையில் ரூபாயோ டாலரோ இல்லை, லேட்டிஸ் என்ற நாணயம். காசு கையை விட்டுப் போகும்போது ஏற்படும் சிறு வலி, கொடுப்பதும் பெறுவதும் விலகிப்போனால் குறைந்துவிடுகிறது என்று ஆய்வாளர்கள் டிராசன் பிரெலெக்கும் ஜார்ஜ் லோவன்ஸ்டைனும் 1998-இல் விளக்கினார்கள். நடுவில் ஒரு செயற்கை நாணயத்தை வைப்பது அந்த வலியை மழுங்கடிக்கும். குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் தோன்றி மறையும் ஸ்கின்கள் அவசரத்தையும் சேர்க்கின்றன. வீட்டில் பதின்வயதுப் பிள்ளை ஆடினால், லேட்டிஸை ரூபாயாக மாற்றிக் கணக்குப் போட ஒருமுறை உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். கார்டு விவரத்தைக் கணக்கில் சேமித்து வைக்காதீர்கள்.

என் மதிப்பீடு இது. கண்ணைக் குழப்பும் சண்டைக் காட்சியும், எளிய கணினியைத் திணறடிக்கும் பசியும் குறைகள். பாத்திரங்களை முழுதாகத் திறந்து கொடுத்ததும், ஹீலர் பொறுப்பை மகிழ்ச்சியான வேலையாக மாற்றியதும், சுவர்கள் உடையும் களமும் பெரிய நிறைகள். இலவச அணிச் சண்டை ஆட்டங்களில் இன்று நான் தயங்காமல் பரிந்துரைக்கக்கூடியது இது. ஆடப் போகிறீர்கள் என்றால், கிராபிக்ஸ் அளவுகளைக் குறைத்தாவது எஃப்பிஎஸ் 60-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வைஃபையை விட்டு லேன் கேபிளைச் செருகுங்கள். பிங் குறைவான சர்வரைத் தேர்ந்தெடுங்கள். முதல் வாரம் ஹீலராக ஆடுங்கள். களம் முழுவதையும் பார்க்கக் கற்றுத்தருவது அந்த இடம்தான், உங்கள் அணிக்கும் பெரும்பாலும் அந்த ஆள்தான் தேவைப்படுவார்.